எந்த உறைக்கு என்ன வேலை? பிரித்து, நனைத்து, எடைபோட்டுப் பார்த்த பதிவு

வீட்டுக்கு வந்த பொருள்களின் உறைகளைக் குப்பைக் கூடையில் போடாமல் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் சேர்த்துவந்தேன். பெட்டி நிறைந்ததும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, கத்தரிக்கோல், சாமணம், ஒரு வாளித் தண்ணீர், டிஜிட்டல் தராசு ஆகியவற்றுடன் உட்கார்ந்தேன். ஒவ்வோர் அடுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்காக என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதே திட்டம். வேலை செய்யும் அடுக்குக்கு மாற்று தேடலாம். வேலையே செய்யாத அடுக்குக்கு மாற்று எதற்கு? அதை எடுத்துவிட்டாலே போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், தேவையில்லாத பிளாஸ்டிக் உறை இருந்த இடத்தில் தேவையில்லாத காகித உறை வந்து உட்கார்கிறது. அதன் மேல் பச்சை இலை முத்திரை வேறு. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

உலகில் உற்பத்தியாகும் பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறைகளாகவே போகிறது. தண்ணீர்க் குழாயும் சன்னல் சட்டமும் பல பத்தாண்டுகள் உழைக்கும். உறையோ பெரும்பாலும் தயாரான ஆண்டிலேயே குப்பையாகிவிடும். 2017இல் வெளியான விரிவான கணக்கீட்டின்படி, 2015 வரை தயாரான பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன். அதில் குப்பையாகிவிட்டது சுமார் 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 விழுக்காடுதான். கழுவித் தனியே எடுத்துவைத்தால் எல்லாம் மறுபடியும் பொருளாகிவிடும் என்று நம்பி உறைகளை வாங்கிக்கொண்டிருக்க முடியாது என்பதற்கு இந்த எண் ஒன்றே போதும்.

எது என்ன பிளாஸ்டிக்?

கெட்டியான உறைகளின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு அது. 1 என்றால் பெட் (தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), 2 அடர் பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 மென் பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை எல்லாம். அந்த எண் மூலப்பொருளின் பெயரை மட்டுமே சொல்கிறது. அம்புகள் சுற்றிவருவதால் அந்த உறை மறுசுழற்சிக்கு ஏற்றது என்று பொருளாகாது. மெல்லிய படலங்களில் பெரும்பாலும் எண்ணே இருப்பதில்லை. என் பெட்டியில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதாம்.

அவற்றைத் தண்ணீரே பிரித்துக் கொடுத்தது. பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.90 கிராம் அளவில் இருக்கும், பாலிஎத்திலீன் 0.91 முதல் 0.97 வரை. இரண்டும் மிதக்கும். பாலிஸ்டைரீன் 1.05, பெட் 1.38, பி.வி.சி. 1.4க்கு அருகில். மூன்றும் மூழ்கும். படலத்தை விரல் நக அளவுக்கு வெட்டி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி கலந்த தண்ணீரில் போட்டு, குச்சியால் ஒருமுறை அமிழ்த்திவிட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் மெல்லிய துண்டு பரப்பு இழுவிசையால் மேலேயே நின்றுவிடும். அடியில் ஒட்டிய காற்றுக் குமிழியும் அதைத் தூக்கிப் பிடிக்கும்.

மூழ்கியவற்றை எடுத்து, உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில் போட்டேன். அதன் அடர்த்தி 1.2. பாலிஸ்டைரீன் மேலே வந்துவிட்டது, பெட்டும் பி.வி.சி.யும் அடியிலேயே கிடந்தன. அந்த இரண்டையும் பிரிக்க, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் பிளாஸ்டிக்கைத் தொட்டு மீண்டும் தீயில் காட்டும் பழைய ஆய்வுக்கூட முறை ஒன்று உண்டு. குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும் என்பதால் அதை வீட்டில் செய்யக் கூடாது. நான் 3 என்ற எண் உள்ளவற்றைத் தனியே எடுத்துவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். அதைத் தனியே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: உருக்கப்படும் பெட் குவியலில் சிறிதளவு பி.வி.சி. கலந்தாலும் மொத்தமும் நிறம் மாறித் தரம் கெட்டுவிடும். தெர்மோகோலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது நுரைத்த பாலிஸ்டைரீன். அதன் கன அளவில் ஏறக்குறைய முழுவதும் காற்றுதான்.

பளபளக்கும் உறைகளுக்கு இன்னும் எளிய சோதனை போதும். கையில் நன்றாகக் கசக்கி விட்டுவிடுங்கள். அலுமினியத் தகடு இருந்தால் கசங்கியபடியே நிற்கும். உலோகப் பூச்சு மட்டும் உள்ள பிளாஸ்டிக் படலமானால் மெல்ல விரிந்துகொள்ளும். அந்தப் பூச்சின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். காகிதம்போல் தெரிந்தவற்றை வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் விரலால் தேய்த்தபோது காகிதக் கோப்பையின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய பாலிஎத்திலீன் தோல் அப்படியே உரிந்து வந்தது. பானங்கள் வரும் அட்டைப் பொதியில் அட்டை, பாலிஎத்திலீன், அலுமினியம் என்று அடுக்கடுக்காகப் பிரிந்தன. எடையில் அவை ஏறத்தாழ 75, 20, 5 விழுக்காடு. கையால் பிரிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் ஒன்றை, அட்டைதானே என்று பழைய காகிதத்தோடு போடுவது அந்தக் காகிதத்தை எடுத்துக் கூழாக்குகிறவர்களுக்குத்தான் சுமை.

யாருடைய வேலை?

பொருள் தெரிந்துவிட்டது. அடுத்தது வேலை. மேசையில் மூன்று குவியல்கள் வைத்தேன். பொருளுக்காக உழைக்கும் அடுக்குகள் ஒரு பக்கம்: ஈரம், காற்று, ஒளி, கசிவு ஆகியவற்றைத் தடுப்பவை. பயணத்துக்காக உழைப்பவை இன்னொரு பக்கம்: அடி தாங்குபவை, பலவற்றைச் சேர்த்துப் பிடிப்பவை. மூன்றாவது, கடைக்காக உழைப்பவை: கொக்கியில் தொங்கவும், கண்ணில் படவும், திருட்டைத் தடுக்கவும். எந்தக் குவியலிலும் சேராதவற்றுக்கு மேசையின் நடுவில் இடம் விட்டேன். அந்த இடம் வேகமாக நிறைந்தது.

பல் துலக்கும் பிரஷை எடுத்துக்கொள்வோம். அட்டை முதுகின் மேல் வளைந்த பெட் கூடு. தினமும் நனைந்து காயப்போகும் பொருளுக்கு ஈரத் தடுப்பு எதற்கு? தூசும் பிறர் கையும் படாமல் இருந்தால் போதும். அதை மூடிய காகிதப் பெட்டியே செய்துவிடும். அந்தக் கூட்டைப் பிரஷைவிட அகலமாகச் செய்வதற்குக் காரணம் கடையில் இருக்கிறது: தொங்க வேண்டும், உள்ளே என்ன நிறம் என்று தெரிய வேண்டும், சட்டைப் பைக்குள் எளிதில் மறையக் கூடாது. பேட்டரி, நினைவக அட்டை, சிறு கருவிகள் எல்லாவற்றின் கூட்டுக்கும் இதே கதைதான். வாங்கியவர் வீட்டு வாசலைத் தாண்டும்போதே அந்த வேலை முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கோ முடிவதில்லை.

அட்டைப்பெட்டியில் வெட்டிய சன்னலின் மேல் ஒட்டிய படலம் எந்த வேலையும் செய்யாத நடுக் குவியலுக்குப் போனது. பெட்டியின் மேலேயே பொருளின் படம் அச்சாகியிருந்தது. வெறும் துளையாக விட்டிருந்தாலும் உள்ளே இருந்த பொருளுக்குக் கேடு வந்திருக்காது. முழு அச்சிட்ட அட்டையாக விட்டிருந்தால் இன்னும் நல்லது. அதே குவியலில், ஏற்கெனவே ஒட்டி மூடிய பெட்டிக்கு உள்ளே இருந்த கேபிளைச் சுற்றிய பை, அந்தக் கேபிளின் இரு முனைகளிலும் தனித்தனி உறை, கையேட்டுக்கென்றே ஒரு பை. நான்கு திருகாணிக்கு ஒரு ஜிப் பை என்பதை மட்டும் பயணத்தின் குவியலில் வைத்தேன். அவை சிதறாமல் இருக்க ஏதாவது வேண்டும். ஆனால் மடித்த காகிதப் பொட்டலம் அதைவிடக் குறைவாக எதுவும் செய்யாது.

பெட்டியைச் சுற்றி இறுக்கிய கண்ணாடிப் படலம் யோசிக்க வைத்தது. பலரும் அதைச் செலோபேன் என்பார்கள். நீரில் போட்டால் பெரும்பாலும் மிதக்கும் பாலிபுரொப்பிலீன்தான். உண்மையான செலோபேன் மரக்கூழிலிருந்து பெறும் செல்லுலோஸ் படலம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் பிராண்டன்பெர்கர் 1908இல் அதை உருவாக்கினார். தண்ணீர் ஒழுகாது என்றாலும் நீராவி அதன் வழியே நுழைந்துவிடும். 1927இல் டூபான்ட் நிறுவனத்தில் ஹேல் சார்ச் என்ற வேதியியலாளர் மிக மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொடுத்து ஈரம் புகாதபடி செய்தார்; அதன் பிறகே செலோபேன் உணவு உறையாகப் பெரிதாகப் பரவியது. உறையின் உடல் ஒன்று, ஈரத்தைத் தடுக்கும் பூச்சு வேறொன்று என்பதை நன்றாகக் காட்டும் வரலாறு இது. என் பெட்டியில் இருந்த படலங்களில் பெரும்பாலானவை செய்த வேலை, யாரும் திறக்கவில்லை என்று காட்டுவது. அதற்கு மூடியின் விளிம்பில் ஒரு காகித முத்திரை போதும்.

மருந்து மாத்திரைப் பட்டைகளை நான் விவாதத்துக்கே எடுக்கவில்லை. ஒவ்வொரு மாத்திரையையும் ஈரத்திலிருந்து தனித்தனியாகக் காப்பது அந்த உறை. நுண்ணுயிர் நீக்கிய மருத்துவக் கருவிகளின் உறையும் அப்படியே. அந்த இடங்களில் பிளாஸ்டிக் தன் கூலிக்கு உழைக்கிறது.

ஈரத்தை எடைபோடுதல்

பொருளுக்காக உழைக்கும் குவியலில் பெரும்பாலானவை ஈரத்தைத் தடுப்பவை. காகிதத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பதைவிட எடைபோடுவது மேல் என்று தோன்றியது. அதற்கான கருவியும் அந்தக் குப்பையிலேயே கிடைத்தது. காலணிப் பெட்டியிலும் மின்னணுப் பொருள்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்தாம் அது. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீரை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. எனவே நிறமற்ற மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பொட்டலத்தோடு சூடாக்கினால் உறை உருகும் என்பதால் மணிகளைத் தட்டில் பரப்பி, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தினேன்.

சம எடை மணிகளை ஐந்து வகை உறைகளில் அடைத்தேன்: வெறும் பழுப்புத் தாள் பொட்டலம், மெழுகு பூசிய தாள் பொட்டலம், பாலிஎத்திலீன் ஜிப் பை, அழுத்தி மூடும் தகர டப்பா, ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் உள்ள கண்ணாடிக் குடுவை. எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்து, மாலைதோறும் உறையோடு சேர்த்து எடை பார்த்தேன். காகிதமும் ஈரத்தை இழுக்கும் என்பதால், மணி இல்லாத வெறும் தாள் பொட்டலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அதன் எடை மாற்றத்தைக் கழித்துக்கொண்டேன்.

பழுப்புத் தாளில் இருந்தவை மிக விரைவாக நீரை உறிஞ்சி நிறைந்துவிட்டன. தாள் தூசைத்தான் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மெழுகுத் தாள் வேகத்தைக் குறைத்தது, நிறுத்தவில்லை. அதே மெழுகுத் தாளின் வாயை இரட்டையாக மடித்து உருக்கிய மெழுகால் அடைத்தபோது எடை கூடும் வேகம் கண்கூடாகக் குறைந்தது. அதாவது ஈரம் சுவர் வழியாக வந்ததைவிட மடிப்பு வழியாக வந்ததே அதிகம். ஜிப் பையில் எடை மெதுவாக ஏறியது. தகர டப்பாவும் அப்படித்தான். தகரத்தின் வழியே ஈரம் போக முடியாது, அது மூடியின் இடுக்கு வழியாக வந்தது. குடுவையில் என் தராசு எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டு மூடியபோது அதிலும் எடை கூடத் தொடங்கியது. ஆக, காவல் காத்தது கண்ணாடியோடு சேர்ந்த அந்த ரப்பர் வளையம்.

இந்தச் சோதனையால் என் எண்ணம் தெளிவானது. நீண்ட நாள் ஈரம் படாமல் இருக்க வேண்டிய உலர் பொருளுக்கு உறுதியான தடுப்பு தேவை. அந்தத் தடுப்பு ஒவ்வொரு பொட்டலத்திலும் புதிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பொருள் பெரிய கொள்கலனில் வந்து, கொஞ்ச நேரம் மட்டும் காகிதத்தில் பயணம் செய்து, வீட்டில் ரப்பர் வளையமிட்ட குடுவையில் இறங்கலாம். ஒரே குடுவை அதே வேலையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும். காற்றிலுள்ள ஆக்சிஜனால் கெடும் பொருள்களுக்கு இது போதாது. பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுத்தாலும் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடும். அதனால்தான் எண்ணெய்ப் பசையுள்ள நொறுக்குப் பொருள்களின் பையில் உலோகப் பூச்சோ வேறொரு பிளாஸ்டிக் அடுக்கோ சேர்கிறது. அந்தப் பைகளைப் பொருளுக்காக உழைக்கும் குவியலிலேயே விட்டேன். அவற்றுக்கு வீட்டில் செய்யக்கூடிய மாற்று என்னிடம் இல்லை. குறைவாக வாங்குவதும் பெரிய அளவில் வாங்குவதும்தான் வழி.

கையால் செய்தவை

பாத்திரத்தை மூட உதவும் ஒட்டுப் படலத்துக்குப் பதிலாகத் தேன்மெழுகுத் துணி செய்தேன். புதுத் துணி வாங்கவில்லை, அது முக்கியம். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணப் பருத்திப் பை ஒன்று காலநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கில் கொண்டாலே மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக 52 முறையாவது பயன்பட வேண்டும் என்று கணித்திருந்தார்கள். எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. பருத்தி விளைவதற்கு அவ்வளவு தண்ணீரும் உரமும் ஆகிறது. பழைய சட்டை, பழைய படுக்கை விரிப்பு என்றால் அந்தச் செலவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். மெழுகை மட்டும் பூசினால் துணி விறைத்து, மடித்த இடத்தில் வெடிப்பு விழும்; ஒட்டவும் செய்யாது. பைன் மரப் பிசின் ஒட்டும் தன்மையையும் சிறிது எண்ணெய் வளையும் தன்மையையும் தரும். எடையில் மெழுகு 6 பங்கு, பிசின் 2 பங்கு, எண்ணெய் 1 பங்கு எனக்குச் சரியாக வந்தது. பிசினைப் பொடியாக்கிப் போட வேண்டும். கட்டியாகப் போட்டால் கரைய மிக நேரமாகும். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துத்தான் உருக்க வேண்டும்; நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். துணியைத் துவைத்து முழுக்கக் காயவைத்து, பிரஷால் பூசி, இரண்டு பேக்கிங் தாள்களுக்கு இடையே வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மெழுகு இழைக்குள் சீராக இறங்கும். உடனே இரு முனைகளையும் பிடித்துக் காற்றில் அசைத்தால் சில நொடிகளில் இறுகிவிடும். கைச்சூட்டில் பாத்திர விளிம்பில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சூடான பாத்திரத்துக்கும் பச்சை இறைச்சிக்கும் இது ஆகாது: வெந்நீரில் கழுவ முடியாத ஒன்றை அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. பூச்சு மங்கும்போது மறுபடி இஸ்திரி போட்டால் புதுப்பிக்கலாம்.

காகிதப் பொட்டலத்துக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. தாளுக்கு இழை ஓடும் திசை உண்டு. ஒரு சிறு சதுரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் தாள் சுருளும். அந்தச் சுருளின் நீளவாட்டுத்தான் இழையின் திசை. அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும். குறுக்கே மடித்தால் இழை முறிந்து விளிம்பு பிசிறும். பசைக்கு ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே சூடாக்கினேன். 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்து வீங்கிக் கெட்டியாகும். பால் நிறம் போய் ஒளி ஊடுருவும்போது இறக்கிவிட வேண்டும். ஆறிய பசையை மெலிதாகத் தடவிப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டால் காய்ந்த பிறகு பிரிக்க முடியாது; தாள்தான் கிழியும்.

அதே தத்துவத்தில் விற்பனைக்கு வருவதுதான் தண்ணீர் தடவி ஒட்டும் பழுப்புக் காகித டேப். அதன் மாவுப் பசை அட்டையின் இழைகளோடு கலந்து பிடிக்கும். பிளாஸ்டிக் டேப்பைப் பொறுமையாக உரித்து மறுபடி ஒட்டிவிடலாம். இதை உரித்தால் அட்டையின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். யாரும் திறக்கவில்லை என்று காட்டுவதற்காகச் சுற்றும் படலத்தின் வேலை இதில் தானாகவே நடந்துவிடுகிறது. பெட்டியைக் காகிதக் கழிவோடு அப்படியே போடலாம் என்பது இன்னொரு நன்மை.

விழுந்து பார்த்தல்

பயணத்தின் குவியலில் பெரும்பகுதி பபிள் ராப்பும் தெர்மோகோலும். 1957இல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் இருவரும் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்று அதிலிருந்து பிறந்தது பபிள் ராப் என்பது பலரும் அறிந்த செய்தி. உடையக்கூடிய பொருளுக்கு அது உண்மையான வேலை செய்கிறது. அந்த வேலையைக் காகிதம் செய்யுமா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையைப் பெட்டியில் வைத்து மேசை உயரத்திலிருந்து போட்டேன். ஒவ்வொரு பக்கமும் ஒருமுறை, பிறகு விளிம்பு, பிறகு மூலை. மூலைதான் கடுமையான சோதனை, மொத்த எடையும் அங்கே ஒரு சிறு பரப்பில் இறங்குவதால்.

கசக்கிப் போட்ட தாள் முதல் சில அடிகளைத் தாங்கியது. அதற்குள் தாள் நசுங்கி இடம் விட்டுவிட்டதால் குடுவை நகர்ந்து பெட்டிச் சுவரோடு சேர்ந்தது. அடுத்த மூலை அடியில் உடைந்தது. வரிசையாகக் கீறல் போட்டு இழுத்தால் தேன்கூடுபோல் விரியும் காகிதத்தை இறுக்கமாகச் சுற்றியபோது குடுவை இருந்த இடத்தில் இருந்தது, உடையவும் இல்லை. மிகச் சிறப்பாகத் தாங்கியது பழைய நெளி அட்டையை வெட்டி, குடுவையின் கழுத்தையும் அடியையும் பிடித்து நடுவில் தொங்கவிடுமாறு செய்த தாங்கி. முட்டை வைக்கும் கூழ் அட்டையின் வழியும் இதுதான். மெத்தையின் தடிமனைவிடப் பொருள் நகராமல் இருப்பதே காக்கிறது என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. அதனால் பெட்டி பொருளின் அளவுக்கு இருந்தால் திணிக்கும் பொருளே அதிகம் வேண்டியதில்லை.

என்னிடம் வந்த பெட்டிகள் எவ்வளவு காலியாக வருகின்றன என்றும் அளந்தேன். பொருளை உள்ளே வைத்து, சுற்றிலும் உலர்ந்த மணலைப் பெட்டி வாய்வரை நிரப்பி, பிறகு மணலை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தால் காலி இடத்தின் கன அளவு தெரிந்துவிடும். பல பெட்டிகளில் மணல் பொருளைவிட அதிகமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பேக்கிங் ஒழுங்குமுறையின்படி, 2030 முதல் இணைய வணிகப் பெட்டிகளில் காலி இடம் பாதியைத் தாண்டக் கூடாது. கசக்கிய தாளும் காற்றுப் பையும் பபிள் ராப்பும் திணித்திருந்தால் அந்த இடமும் காலி இடமாகவே கணக்காகும். அந்தக் கடைசி விதியை எழுதியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். தெர்மோகோலை எடுத்துவிட்டு அதே அளவு காகிதத்தைத் திணித்துத் தப்பிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது.

மட்கும் பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தவற்றையும் சோதித்தேன். பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன கோப்பை என் உரக்குழியில் காய்கறித் தோல் முழுக்க மண்ணாகிய பிறகும் பளபளப்பாகவே இருந்தது. அதில் வியப்பில்லை. அது மட்க 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் பல வாரங்கள் நீடிக்க வேண்டும்; தொழிற்கூட உரக்கிடங்கில் அது கிடைக்கும், வீட்டுக் குழியில் கிடைக்காது. அத்தகைய கிடங்குக்குப் போய்ச் சேராத கோப்பைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

நடுக் குவியலில் இருந்தவற்றை அடுக்கடுக்காகப் பிரித்துப் படமெடுத்து, ஒவ்வோர் அடுக்கின் பக்கத்திலும் எண் போட்டு, அவற்றைத் தயாரித்தவர்களுக்கு அனுப்பினேன். கேட்டது ஒன்றே: இந்த எண்ணுள்ள அடுக்கு என்ன வேலை செய்கிறது? நன்றி சொல்லிப் பொத்தாம்பொதுவாக வந்த பதில்களே அதிகம். ஒரு சிறு தயாரிப்பாளர் மட்டும், சன்னல் படலம் பழைய வடிவமைப்பிலிருந்து தொடர்ந்துவந்தது, அடுத்த அச்சில் எடுத்துவிடுகிறோம் என்று எழுதினார். கேள்வியை இப்படிக் குறிப்பாகக் கேட்டால் அவர்களாலும் குறிப்பாகப் பதில் சொல்ல முடிகிறது.

இப்போது மேசையில் இருப்பவை திரவ சோப்புக் குப்பிகளின் பம்புகள். ஒன்றைப் பிரித்தேன்: பாலிபுரொப்பிலீன் தலை, பாலிஎத்திலீன் உறிஞ்சுகுழல், எஃகு ஸ்பிரிங், அடியில் வால்வாக ஒரு சிறு குண்டு. இத்தனையும் பூட்டிக்கொண்ட நிலையில் அதை எந்த மறுசுழற்சி ஆலையும் பிரித்தெடுக்காது. ஆனால் பம்பு தேய்வதற்கு வெகு முன்பே குப்பி காலியாகிவிடுகிறது. வெந்நீரை உறிஞ்ச வைத்துத் தலையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் உள்ளே படிந்த சோப்பு முழுதும் வெளியேறிவிடும். பிறகு கண்ணாடிக் குப்பியில் பொருத்தலாம்.

குப்பி தேடும்போது கழுத்தின் அளவைப் பார்க்க வேண்டும். 28/410 என்ற குறியீட்டில் 28 என்பது மில்லிமீட்டரில் கழுத்தின் வெளிவிட்டம். மரையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். 410 என்றால் மரை ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று, 400 என்றால் ஒரு சுற்று. விட்டம் ஒத்திருந்தும் மரை மாறினால் பம்பு பாதியில் நின்றுவிடும் அல்லது கசியும். குழல் நீளமாக இருந்தால் குப்பியின் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். முனையைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் குழல் அடிப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு உறிஞ்சாது.